ஒரே பெயர், இரண்டு டொமைன்: சர்வர் போடும்போது நடக்கும் தவறுகள்

குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து போன மழைக்காலத்தில் கூப்பிட்டார்கள். "கோயம்புத்தூர்ல எல்லாருக்கும் எங்க வெப்சைட் திறக்குது சார், எங்க ஆபீஸ்ல மட்டும் வரமாட்டேங்குது." மழையில் லைன் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். லைன் நன்றாக இருந்தது. கோளாறு, சர்வருக்கு வைத்த பெயரில்.

டொமைன் என்ற ஒரே சொல்லால் இரண்டைக் குறிக்கிறோம். ஒன்று, ஆண்டுக் கட்டணம் கட்டி நாம் பதிவு செய்யும் இணையப் பெயர். மற்றது விண்டோஸ் 2000 சர்வரோடு வந்த ஆக்டிவ் டைரக்டரி டொமைன்; அலுவலகக் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரே குடையின் கீழ் வைக்கும் ஏற்பாடு. இதற்குப் பதிவும் கிடையாது, கட்டணமும் கிடையாது. ஆனால் இதன் பெயரும், பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண் முகவரியை (ஐபி) எடுத்துச் சொல்லும் டிஎன்எஸ் வழியாகத்தான் தேடப்படுகிறது.

அந்தத் தொழிற்சாலையில் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருந்தார்கள். உள்ளே இருக்கும் சர்வர், அந்தப் பெயருக்குத் தானே முழு அதிகாரி என்று நம்புகிறது. வெப்சைட்டின் முகவரி அதன் பட்டியலில் இல்லை. வெளியே கேட்டுப் பார்க்காமல் "அப்படி ஒன்று இல்லை" என்று பதில் சொல்லிவிடுகிறது.

பதிவு செய்யாத பெயரைக் கற்பனையாக வைப்பதும் ஆபத்து. டாட் லோக்கல் என்று முடிப்பது பலருடைய பழக்கம். 2013 முதல் அது வேறொரு நெறிமுறைக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது, ஆப்பிள் கருவிகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. வெறும் 'கார்ப்' என்று பெயர் வைத்த நிறுவனங்களின் மடிக்கணினிகள், வெளியே போனதும் கார்ப் டாட் காம் என்ற முகவரியைத் தேடின. தவறானவர் கையில் சிக்கக்கூடாது என்று 2020-இல் மைக்ரோசாஃப்டே அதை வாங்கியது.

அப்புறம், நெட் மெதுவாக இருக்கிறதென்று ஊழியர்களின் கணினிகளில் டிஎன்எஸ் முகவரியாக கூகுளின் 8.8.8.8 போடுவது. தயவுசெய்து வேண்டாம். உங்கள் சர்வர் எங்கே இருக்கிறது என்பது கூகுளுக்குத் தெரியாது. லாகின் இழுக்கும், புதிய கணினி டொமைனில் சேராது. கணினிகள் உள் சர்வரையே கேட்கட்டும். வெளிப் பெயர்களை அந்த சர்வர் வெளியே கேட்டுச் சொல்லும்படி ஃபார்வர்டர் அமைத்தால் போதும்.

சரி, என்ன பெயர் வைப்பது? நீங்கள் வாங்கிய இணையப் பெயருக்கு முன்னால் 'ஏடி' (ஆக்டிவ் டைரக்டரியின் சுருக்கம்) என்று ஒரு கிளைப்பெயர் சேர்த்து, அதை உள்ளே வையுங்கள். பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

தொழிற்சாலையில் இப்போதைக்கு வெப்சைட்டின் ஐபியை உள் டிஎன்எஸ்ஸில் கையால் சேர்த்திருக்கிறேன். வெப்சைட் வேறு ஹோஸ்டிங்குக்குப் போனால் அதையும் மாற்ற வேண்டும் என்று எழுதி, சர்வர் மேலேயே ஒட்டிவிட்டு வந்தேன்.