பாட்டும் உதடும் ஒட்டாத 4 நாள்

அம்மா இறந்த வீட்டுக்குத் திரும்பும் மகளின் கதை. 4 நிமிடப் பாட்டு, ஒரே ஷாட். சுற்றிலும் எல்லாம் மெதுவாக நகர, அவள் உதடு மட்டும் பாட்டோடு சரியாக அசைய வேண்டும். அதனால் பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, நொடிக்கு 48 ஃபிரேமில் எடுத்து, எடிட்டிங்கில் 24 ஆக்கினேன்.

பல்லவி கச்சிதம். கடைசிச் சரணத்தில், வார்த்தை முடியும் முன்பே அவள் வாய் மூடிவிடுகிறது.

முதலில் நடிகை மேல்தான் சந்தேகம். பாவம், அவர் தவறே இல்லை. பாட்டின் எம்பி3 ஃபைலை எடுத்துவிட்டு, சுருக்கப்படாத வேவ் ஃபைல் போட்டேன்; ஒலியின் சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பதை) 44.1-இலிருந்து 48 கிலோஹெர்ட்ஸ் ஆக்கினேன். மாற்றமில்லை. நடுவில் வெட்டி நகர்த்தினால் ஷாட்டே போச்சு.

அப்புறம்தான் விலகலை எண்ணிப் பார்த்தேன். 2-வது நிமிடத்தில் 3 ஃபிரேம், 4-வதில் 6. சீராக வளர்கிறது என்றால் அது நடிப்புக் கோளாறு இல்லை, கணக்குக் கோளாறு.

வீடியோ ஃபைலின் விவரத்தைத் திறந்தேன்: நொடிக்கு 47.952 ஃபிரேம். கேமரா மெனு அதைத்தான் 48 என்று முழுமையாக்கிக் காட்டியிருக்கிறது! அதன் பாதி 23.976, நான் கொடுத்ததோ 24. ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம், 240 நொடியில் கிட்டத்தட்ட கால் நொடி. துண்டு துண்டாக வெட்டும் பாட்டில் இது கண்ணிலேயே படாது.

கிளிப்பை 23.976 என்று எடுத்துக்கொள்ளச் சொல்லி, எடிட்டிங் டைம்லைனையும் புதிதாக 23.976-இல் தொடங்கினேன். கடைசி வார்த்தை வரை உதடு ஒட்டியது. அப்பாடா!