தீவில் கட்டட வேலை: கப்பல் தட்டுப்பாட்டில் நாங்கள் விடுகிற பிழைகள்

செங்கடலில் 2023 கடைசியில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதிலிருந்து, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான நெடுந்தீவில் கட்டட வேலை செய்விப்பவர்கள் சொல்லும் ஆறுதல் ஒன்று இருக்கிறது: "எங்கட சாமான் சீனாவில இருந்து வருது, அதுக்கும் செங்கடலுக்கும் என்ன?" பாதை வேறுதான். ஆனால் ஐரோப்பாவுக்குப் போகிற கப்பல் செங்கடலைத் தவிர்த்து ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் ஒரு வழிக்கே பத்து நாள் அளவில் கூடும். அந்தக் கப்பலும் கொள்கலனும் திரும்பி வந்தால்தான் ஆசியாவில் அடுத்த சரக்கு ஏறும். போர் எங்கே நடந்தாலும் சுணக்கம் பங்கு பிரிந்து எல்லோருக்கும் வரும்.

அதைவிடப் பெரிய பிழை, சுணக்கத்தைக் கூட்டல் கணக்காகப் பார்ப்பது. கொழும்பில் மூன்று கிழமை பிந்தினால் நெடுந்தீவிலும் மூன்று கிழமைதான் பிந்தும் என்று நினைக்கிறோம். புரட்டாதியில் வரவேண்டிய கம்பி ஐப்பசி கடைசியில், நெடுந்தீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்தால் என்ன நடக்கும்? மழை, வாடைக்காற்று, படகு ஓடாத நாட்கள். ஆட்கள் போவதே பாடாக இருக்கும்போது கம்பியை யார் ஏற்றுவார்கள்? தை பிறக்கும்வரை அது இறங்குதுறைப் பக்கம் கிடந்து கறள் பிடிக்கும். ஆகவே ஐப்பசியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் ஓடர் கொடுக்க வேண்டும்.

சீமெந்தை வாங்கிக் குவிப்பது எங்களுக்குப் பழைய பயத்தில் வந்த பழக்கம். போரில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றது. 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ9 பாதை மூடப்பட்ட பின் சரக்குக்குக் கடல்வழிதான் யாழ் குடாநாட்டுக்கு மிஞ்சியது. அரிசிக்கும் மருந்துக்கும் பிறகுதான் கட்டடச் சாமானுக்கு இடம். அதைக் கண்டவர்கள் இன்றைக்கும் கப்பல் பிந்தும் என்றால் சீமெந்துக் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். ஆனால் சீமெந்து பதுக்குகிற பொருள் அல்ல. ஈரக்காற்றுப் பட்டால் மூன்று மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு பலம் போய்விடலாம்; தீவின் உப்புக்காற்றில் கேட்கவே வேண்டாம். வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் பலகை மேல், சுவரில் முட்டாமல், பத்துப் பைக்கு மேல் அடுக்காமல், தறப்பாளால் மூடி, முதலில் வந்ததை முதலில் எடுங்கள். விரலால் நசுக்கி உடையாத கட்டி இருந்தால் அந்தப் பை தூணுக்கும் பீமுக்கும் ஆகாது.

பதுக்க வேண்டியவை வேறு: கட்டுக்கம்பி, ஆணி, பைப் மூட்டுகள், மின்சாரப் பெட்டிக்குள் போகிற சின்னச் சாமான்கள். விலையும் இடமும் கொஞ்சம். இல்லாவிட்டால் முழு வேலையும் நிற்கும். ஒரு சுருள் கட்டுக்கம்பிக்காகப் பிளாட் (கொங்கிறீற்றுக் கூரைத்தளம்) போடாமல் மேசன்மார் குந்தியிருப்பது ஊரில் புதுக்காட்சி இல்லை.

சரக்கு வரவில்லை என்று கடல் மணலையும் உவர்க் கிணற்றுத் தண்ணீரையும் கொங்கிறீற்றில் கலப்பதுதான் மன்னிக்க முடியாதது. தீவின் ஒல்லாந்தர் கோட்டை முருகைக் (பவளப் பாறை) கல்லில் இத்தனை காலம் நிற்கிறதே என்று வாதாடுவார்கள். அது சுண்ணாம்புச் சாந்துக் கட்டு, உள்ளே கம்பி இல்லை. உப்பு தின்பது கம்பியைத்தான். அது ஊதிக் கொங்கிறீற்றைப் பிளக்கும்போது செலவு இரட்டிப்பாகிவிடும். மேலும், கடலோரத்தில் முருகைக் கல் அகழ்வது சட்டப்படி தடை.

வேலையை நடுவில் நிறுத்த நேரும் என்று முதலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அத்திவார மட்டம் அல்லது லின்டல் (கதவு, யன்னலுக்கு மேல் வரும் பீம்) மட்டத்தில் நிறுத்தினால் பெரிய சேதமில்லை. தூண் தலையில் நீட்டிய கம்பியை வெறுமனே விடாமல் சீமெந்துப் பால் பூசி மூடுங்கள்.

கூலி பேசுவதிலும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து மேசனை நாட்கூலிக்குக் கூட்டிப்போனால், சாமான் வராத நாளுக்கும் சாப்பாடும் சம்பளமும் உங்கள் தலையில். வேலைக் கணக்கில் பேசி, காத்திருக்கும் நாளுக்கு எவ்வளவு என்று முதலே எழுதி வையுங்கள். சாமான் நெடுந்தீவுக் கரையில் இறங்கிய பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.