வெல்ஹவுசனை வாசிக்கத் தொடங்குவது எப்படி?

ஜெர்மானிய இறையியலாளரும் கீழைத்தேய மொழி அறிஞருமான யூலியுஸ் வெல்ஹவுசனை (1844–1918) அறிய விரும்புவோர், மோசேயின் ஐந்து ஆகமங்கள் வெவ்வேறு காலத்து மூலங்களிலிருந்து தொகுக்கப்பட்டவை என்னும் அவரது கோட்பாட்டின் சுருக்கங்களை ஒதுக்கிவிட்டு, பலிபீடம் பற்றிய மூன்று வேதாகமப் பகுதிகளை முதலில் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். யாத்திராகமம் 20:24, மண்ணால் பலிபீடம் கட்டச் சொல்லி, கடவுள் தம் நாமத்தை நினைவுகூரச் செய்யும் எந்த இடத்திலும் வந்து ஆசீர்வதிப்பார் என்கிறது. உபாகமம் 12, அவர் தேர்ந்தெடுக்கும் ஒரே இடத்தில்தான் பலியிட வேண்டுமென்று திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறது. லேவியராகமம் 17-க்கோ அந்த வற்புறுத்தலே தேவைப்படவில்லை. ஆசரிப்புக் கூடாரத்தின், அதாவது இஸ்ரவேலர் வனாந்தரத்தில் கொண்டுசென்ற வழிபாட்டுக் கூடாரத்தின், வாசல் ஒன்றே பலியிடும் இடம் என்பது அங்கே முடிந்துபோன விஷயம். இதன்பின், யூதாவின் அரசன் யோசியா எருசலேமுக்கு வெளியே இருந்த வழிபாட்டு மேடைகளை இடித்த வரலாற்றை 2 இராஜாக்கள் 22, 23-இல் படித்தால், எந்தச் சட்டம் எந்தக் காலத்தது என்ற கேள்வி தானாகவே எழும்.

அந்தக் கேள்வியோடு, வெல்ஹவுசன் 1878-இல் வெளியிட்டு 1883-இல் ‘இஸ்ரவேல் வரலாற்றுக்கு முன்னுரை’ என மறுபெயரிட்ட நூலுக்குச் செல்லுங்கள்; அதன் முதல் அத்தியாயமே வழிபாட்டிடம் பற்றியதுதான். ஆசாரியச் சட்டத் தொகுப்பு (லேவியராகமம் முதலியவற்றிலுள்ள பலி, வழிபாட்டுச் சட்டங்கள்), யூதர் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட கி.மு. ஆறாம் நூற்றாண்டுச் சிறையிருப்புக்குப் பிற்பட்டது என்னும் கருத்து கார்ல் ஹைன்ரிக் கிராஃப் போன்ற வேதாகம அறிஞர்களிடம் முன்பே இருந்தது. கிராஃபின் முடிவை 1867-இல் கேள்விப்பட்டதுமே, காரணங்களை அறியும் முன்பே ஏற்க ஆயத்தமாகிவிட்டதாக வெல்ஹவுசனே அந்நூலின் முகவுரையில் எழுதுகிறார். அந்த முகவுரையைத் தவிர்த்துவிடாதீர்கள்.

வாழ்க்கை வரலாற்றில் நின்று கவனிக்க வேண்டிய ஆண்டு 1882. மாணவர்களைத் திருச்சபைப் பணிக்கு ஆயத்தப்படுத்தத் தம்மால் இயலவில்லை, மாறாக அவர்களை அதற்குத் தகுதியற்றவர்களாக்குகிறோம் என்ற மனச்சாட்சி உறுத்தலால், கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தின் இறையியல் பேராசிரியர் பதவியை அவர் துறந்து, ஹாலேயில் அதைவிடத் தாழ்ந்த பதவியில் கீழைத்தேய மொழிகளைக் கற்பித்தார். அறிவு நேர்மைக்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

அடுத்து, பலரும் விட்டுவிடும் அரபுவியல் நூல்களைக் கட்டாயம் படியுங்கள். தொடக்ககால இஸ்லாமியப் பேரரசான உமையா ஆட்சியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கூறும் 1902-ஆம் ஆண்டு நூலில், இஸ்லாமிய வரலாற்றாசிரியர் தபரியின் பெருந்தொகுப்பிலுள்ள செய்திகளை அவற்றை அறிவித்தவர்கள் வாரியாகப் பிரித்து, அவர்களுள் ஒருவரான அபூ மிக்னஃபின் பழைய செய்திகளுக்கு அவர் தனி மதிப்பளிப்பதைக் காணலாம். மோசேயின் ஆகமங்களில் மூலங்களைப் பிரித்த அதே கைதான் இங்கும் வேலை செய்கிறது.

ஓர் எச்சரிக்கை மிக அவசியம்: சிறையிருப்புக்குப் பிந்தைய யூத சமயத்தை உயிரற்ற சட்டவாதமாக அவர் சித்திரிப்பது, சான்றுகளைவிட அவரது காலத்துப் புராட்டஸ்டண்ட் மனச்சாய்வையே அதிகம் காட்டுகிறது. அதனால், ஆசாரியச் சட்டங்கள் சிறையிருப்புக்கு முற்பட்டவை என வாதிட்ட யூத வேதாகம அறிஞர் எஹெஸ்கேல் காஃப்மனையும் உடன் வைத்து, அதே மூன்று பகுதிகளைக் காஃப்மன் எவ்வாறு விளக்குகிறார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.