கொழும்பு நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னிப் பக்கமிருந்து கல்விச் சுற்றுலா போகும் பஸ் இரவில் வெளிக்கிட்டு விடியப்புறம் கொழும்பில் போய் நிற்கும். காலையில் தெகிவளை மிருகக்காட்சிசாலை, பின்னேரம் காலி முகத்திடல், இடையில் முக்கால் மணித்தியாலம் நூதனசாலை என்று திட்டம் போட்டுவிடுவோம். முதல் பிழை அதுதான். மத்தியான வெயிலில், அரைத் தூக்கத்தில் வரும் பிள்ளைக்கு எந்தச் சிலையும் கல்லாகத்தான் தெரியும். காலை 9 மணிக்குக் கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள்.

அடுத்தது கொப்பி. போன முறை எங்கள் பிள்ளையொருத்தி பொலன்னறுவை நடராசருக்கு முன்னால் நின்று விளக்கப் பலகையை ஒரு சொல் விடாமல் எழுதினாள். திரும்பி வரும்போது, “நடராசர் எந்தக் காலைத் தூக்கி நின்றவர்?” என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை, கண் கலங்கிப்போனாள். எழுதச் சொன்னது நாங்கள், அவளில் பிழையில்லை. இப்போதெல்லாம் கொப்பிகளை பஸ்ஸிலேயே வைக்கச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நினைக்கவும் வேண்டாம். 1877இல் திறந்த இடம், ஒரு நாளில் முடியாது. ஐந்தாறு பொருட்கள் போதும். அதில் காலி மும்மொழிக் கல்வெட்டைத் தவறவிடாதீர்கள். மங்கிய எழுத்தோடு நிற்பதால் பலர் பாராமலே கடந்துவிடுகிறார்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டது. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், அதாவது தேவேந்திரமுனையில் கோயில்கொண்டிருந்த விஷ்ணுவுக்கும், காணிக்கை சொல்கிறது. சீனத்திலிருந்து வந்த கல்லில் எங்கள் எழுத்து! பிள்ளைகளைக் குனிந்து ஓர் எழுத்தையாவது தேடச் சொல்லுங்கள். 1911இல் காலியில் கண்டெடுக்கும்போது அது மதகுக்கு மூடியாகக் கிடந்தது என்றும் சொல்லுங்கள். மதகு என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவையில்லை.

கண்டிச் சிம்மாசனத்தை ‘தங்கக் கதிரை’ என்று காட்டிவிட்டு நகர வேண்டாம். 1693இல் ஒல்லாந்தர் கொடுத்தது, 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1934இல் திரும்பி வந்தது. அதில் கடைசியாக இருந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்து இறந்தார்.

வெண்கலச் சிலைகளைத் தொட விடாதீர்கள், கைவியர்வை உலோகத்தை அரிக்கும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படமெடுப்பது இந்த நாட்டில் பெரிய அவமரியாதை. அதை பஸ்ஸிலேயே சொல்லி வையுங்கள்.

வவுனியாவிலேயே தொல்பொருள் நூதனசாலை ஒன்று இருக்க, அதைக் காட்டாமல் நேரே கொழும்புக்கு ஓடுவதும் பிழைதான். முதலில் அங்கே போன பிள்ளை கொழும்பில் கேள்வி கேட்கும். ஊர் திரும்பியபின் குளக்கட்டில் எழுத்துள்ள கல் எதையாவது கண்டால் அதைச் சுரண்டவோ, சுண்ணாம்பு பூசவோ, வீட்டுக்குத் தூக்கிவரவோ வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். கிடந்த இடத்திலேயே படமெடுத்துவந்து ஆசிரியரிடம் காட்டட்டும்.