சாண எரிவாயுக் கலன்: தொடங்குவதும் பராமரிப்பதும்

வறட்டியாக எரித்தால் சாணத்திலுள்ள ஆற்றலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தைச் சேரும். மீதி வீணாகி, அடுப்படி முழுக்கப் புகை மண்டும். வயலுக்குப் போக வேண்டிய தழைச்சத்தும் எரிந்துபோகும். அதே சாணம் காற்றுப் புகாத கலனில் நொதித்தால் எரிவாயுவும் கிடைக்கும், எருவும் மிஞ்சும்.

நாளுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் கலனுக்குத் தினமும் 50 கிலோ சாணம் வேண்டும். ஒரு மாட்டுக்கு 10 கிலோ என்று வைத்தால் ஐந்து மாடுகள். மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணத்தில் பாதி வெளியிலேயே விழுந்துவிடும்; அதை மறந்து பெரிய கலனாகக் கட்டினால் எப்போதும் வாயு போதாது. கலனுக்குச் சாணம் ஒழுங்காகக் கிடைத்தால் ஒரு நாள் வாயு சுமார் 0.9 கிலோ சமையல் கேஸுக்கு ஈடாகும்.

தொடக்கத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். சாணமும் தண்ணீரும் சம அளவு கரைத்து, வைக்கோலையும் மணலையும் நீக்கி நிரப்புங்கள். வைக்கோல் மேலே ஏடாகப் படியும், மணல் அடியில் தங்கிக் கொள்ளளவைத் தின்னும். ஓடிக்கொண்டிருக்கும் கலனிலிருந்து பத்தில் ஒரு பங்கு கழிவுக் குழம்பு சேர்த்தால் நுண்ணுயிர்கள் சீக்கிரம் பெருகும். முதலில் சேரும் வாயுவில் கரியமில வாயுவே அதிகம், பற்றாது. உள்ளே காற்றும் கலந்திருப்பதால் பற்றவைத்துப் பார்ப்பது ஆபத்து. அருகில் நெருப்பில்லாமல் திறந்தவெளியில் வெளியேற்றிவிடுங்கள். சீராக எரியத் தொடங்கிய பிறகே தினசரிக் கரைசல்: 50 கிலோ சாணம், 50 லிட்டர் தண்ணீர்.

வாயு திடீரெனக் குறைந்தால் பெரும்பாலும் கலன் புளித்திருக்கும். சோறும் கஞ்சியும் அளவுக்கு மீறிக் கொட்டியிருப்பார்கள். அமிலம் பெருகினால், இதில் எரியும் வாயுவான மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முடங்கும். சில நாள் கலனுக்குள் எதுவும் போடாமல் நிறுத்தி, தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சிறிது சிறிதாக விடுங்கள். பினாயில், சோப்புத் தண்ணீர், ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் சாணம் எதுவும் உள்ளே போகக் கூடாது. குளிர்காலத்தில் வாயு குறைவது இயல்பு. வெயிலில் வைத்துச் சூடேறிய தண்ணீரில் கரைத்தால் கொஞ்சம் தேறும்.

சுடர் விட்டுவிட்டு எரிந்தால் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. குழாயைச் சரிவாக அமைத்து, தாழ்ந்த இடத்தில் வடிகால் வால்வு வையுங்கள். சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டாதீர்கள். இந்த வாயுவின் அழுத்தமும் வெப்பத்திறனும் குறைவு, வாயு வரும் துளை பெரிதாக வேண்டும்.

இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவைப் பாருங்கள். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்கும். கலன் நிரம்பி வழியும் நாளில் வாயுவைச் சும்மா விடாமல் அடுப்பில் எரித்துவிடுங்கள்.

தூர்வாரக் கலனுக்குள் ஆளை இறக்கவே கூடாது. உள்ளே பிராணவாயு இருக்காது, ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு இருக்கும். அதன் அழுகிய முட்டை வாடையைச் சில நிமிடங்களில் மூக்கு உணராமல் போகும், அதன்பின் எச்சரிக்கையே கிடைக்காது. வெளியிலிருந்தே உறிஞ்சி எடுக்கும் பம்பைக் கொண்டு, அனுபவமுள்ளவர்களை வைத்துச் செய்யுங்கள்.