விண்கல் தூசியின் மின்னூட்டம்: எவர்சில்வர் டம்ளரில் ஒரு ஃபாரடே கிண்ணம்

விநாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் பாயும் விண்கல் துணுக்குகளில் பெரும்பகுதி, 80 முதல் 110 கிலோமீட்டர் உயரத்துக்குள் ஆவியாகிவிடும். அந்த ஆவியிலுள்ள இரும்பும் மெக்னீசியமும் சிலிக்கானும் ஆக்சிஜனோடு சேர்ந்து, ஓரிரு நானோமீட்டர் அளவுத் துகள்களாக மறுபடி திரளும். விண்கல் புகை என்பது இதுதான். அந்த உயரத்துக்குப் பலூன் ஏறாது, செயற்கைக்கோள் அங்கே தாக்குப்பிடிக்காது. ராக்கெட்தான் ஓரிரு நிமிடத்தில் கடந்து போகும். அதில் ஏற்றும் கருவிக்குப் பெயர் ஃபாரடே கிண்ணம், பார்வைக்கு எளிது: ஓர் உலோகக் கிண்ணம், வாயில் கம்பி வலை, பின்னால் விழும் மின்னூட்டத்தை அளக்கும் ஒரு மின்சுற்று. 1998-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஏவிய ராக்கெட்தான் வெப்பமண்டல வானில் மின்னூட்டமுள்ள விண்கல் தூசியை முதலில் பதிவு செய்தது. துருவக் கோடையில் பனித்துகளும் மின்னூட்டத்தைச் சுமக்கும் என்பதால் அங்கே கணக்கு குழம்பும். நம் அட்சரேகையில் அவ்வளவு குளிர் இல்லை, கிண்ணத்தில் விழுவது புகைதான்.

அந்தக் கிண்ணத்தின் தம்பியைச் சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வகத்திலோ வீட்டு மேசையிலோ செய்யலாம். மேலே நடப்பதை இது நடித்துக் காட்டாது. பொய்க் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் பழக்கும்.

முதலில் அளவுகள். 1 நானோமீட்டர் ஆரமுள்ள துகளில் ஓர் எலெக்ட்ரான் ஒட்டினால் அதன் மின்னழுத்தம் 1.44 வோல்ட். 200 கெல்வினில் இருக்கும் எலெக்ட்ரானின் வெப்ப ஆற்றலோ 0.017 எலெக்ட்ரான் வோல்ட். இரண்டாவது எலெக்ட்ரான் கிட்டே வரவே முடியாது. அதனால்தான் புகைத்துகளில் பெரும்பாலும் ஒரே ஒரு மின்னூட்டம். எலெக்ட்ரான் லேசானது, வேகமாக ஓடி முதலில் ஒட்டும். எனவே இரவில் எதிர்மின் துகள்களே அதிகம். பகலில் சூரியனின் புற ஊதா ஒளி எலெக்ட்ரானைப் பிடுங்கிவிடுவதால் நேர்மின் துகளும் வரும். ஒரு கன சென்டிமீட்டருக்கு 1000 துகள், ராக்கெட் வேகம் விநாடிக்கு 1 கிலோமீட்டர், கிண்ண வாய் 8 சென்டிமீட்டர் என்று வைத்தால் மின்னோட்டம் சுமார் 0.8 நானோஆம்பியர். சிறியதுதான், ஆனால் அளக்க முடியாததில்லை. தொல்லை அதே கிண்ணத்துக்குள் நுழையும் தனி எலெக்ட்ரானாலும் அயனியாலும்தான். அதற்காகத்தான் வலைக்குச் சில வோல்ட் கொடுக்கிறார்கள். விநாடிக்கு 1 கிலோமீட்டரில் 1000 அணுநிறை அலகுள்ள துகளின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 5 எலெக்ட்ரான் வோல்ட். 6 வோல்ட் வலை லேசானவற்றைத் திருப்பி அனுப்பும், கனமானது தாண்டிப் போகும்.

இனி மேசைக்கு வருவோம். வேண்டியவை: 7 சென்டிமீட்டர் வாயுள்ள எவர்சில்வர் டம்ளர், அதைச் சுற்றிலும் 3 சென்டிமீட்டர் இடைவெளியோடு அடக்கும் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு, எஃகு வலை போட்ட மாவு சல்லடை, டெஃப்லான் ராடு, எல்எம்சி662 ஆப்-ஆம்ப் (மிகச் சிறிய மின்குறியைப் பெருக்கும் எட்டுக்கால் சிப்), 100 பிக்கோஃபாரட் பாலிஸ்டைரீன் அல்லது சி0ஜி (நிலையான செராமிக் வகை) கப்பாசிட்டர், 10 பிக்கோஃபாரட் சி0ஜி ஒன்று, ரீட் சுவிட்ச் (காந்தம் கிட்டே வந்தால் மூடும் சுவிட்ச்), ஏடிஎஸ்1115 போர்டு (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுவது), ஆர்டுயினோ (அந்த எண்ணைக் கணினிக்கு அனுப்பும் சிறு போர்டு). மின்சாமான்களுக்கு ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றினால் போதும். கப்பாசிட்டர் கேட்கும்போது மட்டும் வகையைச் சொல்லிக் கேளுங்கள்; சாதாரண டிஸ்க் செராமிக் தட்டினால் மின்னழுத்தம் கொடுக்கும், விட்ட மின்னூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியும் தரும்.

எவர்சில்வரில் ஈயம் ஒட்டாது. பசை போட்டு அடம்பிடிக்காமல், டம்ளரின் அடியில் 3 மில்லிமீட்டர் துளை போட்டு பித்தளைத் திருகாணியை முடுக்கி, வயரை அதில் பற்றவையுங்கள். தூக்கின் அடியிலிருந்து டம்ளரைத் தூக்கி நிறுத்த, 2 சென்டிமீட்டர் நீள டெஃப்லான் துண்டுகள் மூன்று. அக்ரிலிக், மரம், நைலான் மூன்றும் ஈரம் குடிப்பவை, வேண்டாம். டெஃப்லான் கிடைக்காவிட்டால் காய் நறுக்கும் வெள்ளை பாலித்தீன் பலகையில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளலாம்.

சுற்று இப்படி. ஆர்டுயினோவின் 5 வோல்ட்டை இரண்டு 10 கிலோஓம் மின்தடைகளால் பாதியாக்கி, அந்த 2.5 வோல்ட் புள்ளியிலிருந்து 0 வோல்ட்டுக்கு ஒரு 10 மைக்ரோஃபாரட் போடுங்கள். அந்த நடுப்புள்ளி ஆப்-ஆம்பின் 3-ஆம் காலுக்கும், வெளித் தூக்குக்கும் போக வேண்டும். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்: பழக்கதோஷத்தில் தூக்கை 0 வோல்ட் வயரோடு சேர்த்துவிடுவார்கள். அப்போது டம்ளருக்கும் தூக்குக்கும் நடுவே 2.5 வோல்ட் நிற்கும், டெஃப்லான் வழியாகக் கசியும். நடுப்புள்ளியோடு சேர்த்தால் வித்தியாசம் சில மில்லிவோல்ட்தான், கசிவும் அந்த அளவுக்குக் குறையும். டம்ளர் வயர் 10 கிலோஓம் வழியாக 2-ஆம் காலுக்கு. அந்தக் காலை போர்டில் இறக்காமல் மேலே வளைத்து, இணைப்பைக் காற்றிலேயே பற்றவையுங்கள். 1-க்கும் 2-க்கும் நடுவே 100 பிக்கோஃபாரட், அதற்கு இணையாக ரீட் சுவிட்ச். வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டினால் கப்பாசிட்டர் காலியாகும். 4-ஆம் கால் 0 வோல்ட், 8-ஆம் கால் 5 வோல்ட். சும்மா இருக்கும் இரண்டாம் பாதிக்கு 6-ஐயும் 7-ஐயும் சேர்த்து, 5-ஐ நடுப்புள்ளியில் கட்டிவிடுங்கள். ஏடிஎஸ்1115 1-ஆம் காலுக்கும் நடுப்புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கட்டும், வரம்பு 4.096 வோல்ட். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸ் அலை பதிவெல்லாம் நெளியும்.

100 பிக்கோஃபாரட்டில் 1 பிக்கோகூலும் (கூலும் என்பது மின்னூட்ட அலகு) விழுந்தால் 10 மில்லிவோல்ட். குறி தலைகீழாக வரும்: எதிர்மின் தூசி விழுந்தால் பதிவு மேலே ஏறும். இதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். சரிபார்க்க, 10 பிக்கோஃபாரட்டின் ஒரு காலை டம்ளரில் சேர்த்து, மறுகாலை நடுப்புள்ளியிலிருந்து, மைனஸ் அதே நடுப்புள்ளியில் சேர்ந்த 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸுக்கு மாற்றுங்கள். 15 பிக்கோகூலும், அதாவது 150 மில்லிவோல்ட் கீழே இறங்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்தக் கப்பாசிட்டரைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது கசிவு. சென்னையில் பாதி நேரம் இங்கேதான் போகும். காந்தத்தைக் காட்டி எடுத்துவிட்டு, காலி டம்ளரோடு மூடி போட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். விநாடிக்கு 1 மில்லிவோல்ட்டுக்கு மேல் நகர்ந்தால் தூசிப் பக்கமே போகக் கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் டெஃப்லானையும் போர்டையும் கழுவி, ஹேர் டிரையரால் இளஞ்சூட்டில் உலர்த்தி, பிறகு விரல் படாமல் பூட்டுங்கள். டெஃப்லானைத் துணியால் தேய்க்கவே வேண்டாம். அதுவே மின்னூட்டம் ஏறி மணிக்கணக்கில் இறங்காமல் ஆட்டம் காட்டும். காலையில் சரியாக இருந்த கருவி பிற்பகலில் கெட்டால் கடற்காற்றைச் சந்தேகியுங்கள். உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கரையோர வீடுகளில் திறந்து வைத்த டெஃப்லான் மேல் படியும் உப்புப் படலம் இப்படித்தான் கம்பியாக மாறுகிறது. தூக்குக்குள் ஒரு சின்ன டப்பாவில் சிலிக்கா ஜெல் போடுங்கள், நிறம் மாறியதும் வறுத்துப் போடுங்கள். ஏசி அறையில் குளிர்ந்த கருவியை வெளியே கொண்டுவந்தால் வியர்த்துவிடும். வேலையை அறைக்குள்ளேயே முடிப்பது நல்லது.

இனி தூசி. சலித்த ஆற்று மணல், இரும்புத் தூள் இரண்டையும் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்துங்கள். தூக்கின் மூடியில் 4 சென்டிமீட்டர் துளை போட்டு, அடியில் சல்லடை வலையை ஒட்டாமல் திருகாணியால் பூட்டுங்கள். மேலே உலோகப் புனல். அதையும் நடுப்புள்ளியோடு சேருங்கள். பிளாஸ்டிக் புனல் போட்டால் நீங்கள் அளப்பது தூசியை அல்ல, புனலை. நகைக்கடைகளில் பார்க்கும் 1 மில்லிகிராம் துல்லியத் தராசில் 10 மில்லிகிராம் எடுத்து, 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கொட்டுங்கள். கிராமுக்கு 1 நானோகூலும் என்றால் பதிவு 100 மில்லிவோல்ட் தாவ வேண்டும். இரும்புத் தூள் நாளில் ரீட் காந்தத்தைப் புனலிலிருந்து ஒரு முழம் தள்ளியே வையுங்கள்.

ஒவ்வொரு மாதிரிக்கும் பத்துக் கொட்டல். அதே அளவுக்கு வெறும் கொட்டலும் வேண்டும்: தூசி இல்லாமல் புனலை அதே மாதிரி தட்டி, கையை அதே இடத்துக்குக் கொண்டுபோய் எடுப்பது. பாலியெஸ்டர் சட்டைக்காரர் பக்கத்தில் வந்தாலே பதிவு குதிக்கும். பருத்தி உடுத்தி, தூக்கை ஒரு முறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மின்விசிறி ஓடக் கூடாது. மே மாதத்தில் இது கொடுமைதான், வேறு வழியில்லை. வெறும் கொட்டலின் ஏற்ற இறக்கத்தைப் போல மூன்று மடங்காவது தாண்டாத எந்த எண்ணையும் முடிவில் சேர்க்காதீர்கள்.

வலையை ஒரு முறை கழற்றிவிட்டும் கொட்டிப் பாருங்கள். வலைக்கம்பியில் மோதிய துகள் மின்னூட்டத்தைப் பறிகொடுக்கலாம், புதிதாக வாங்கலாம், குறியே மாறலாம். ராக்கெட் கிண்ணங்களுக்கும் இதே வியாதி உண்டு. அங்கே இன்னொன்றும் சேரும்: ஒலியை மிஞ்சிய வேகத்தில் போகும் ராக்கெட்டின் முன்னால் குவியும் காற்று, ஓரிரு நானோமீட்டர் துகளைக் கிண்ண வாயைச் சுற்றி ஒதுக்கிக்கொண்டு போய்விடும். மிகச் சிறிய துகள்கள் பதிவில் குறைவாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம். வலைக்கு 6 வோல்ட் கொடுத்துத் துகளைப் பிரிக்கும் வேலையை மேசையில் முயல வேண்டாம். இங்குள்ள காற்றில் அயனி ஒவ்வொரு அடியிலும் மோதி வேகத்தை இழக்கும், அந்தக் கணக்கு வெற்றிடத்துக்கு மட்டும்தான் செல்லும்.

மொட்டை மாடி மழைநீர்க் குழாய் வாயில் காந்தத்தில் ஒட்டும் கருந்தூளையும் சிலர் கொட்டிப் பார்க்க ஆசைப்படுவார்கள். பார்க்கலாம், ஆனால் அதில் பெரும்பங்கு வெல்டிங் பொறி, கடற்கரைக் கருமணல், தீபாவளிக் கம்பி மத்தாப்பின் இரும்பு உருண்டை. உண்மையான விண்கல் உருண்டை இருந்தாலும், அது முழுதும் ஆவியாகாமல் தப்பித்து வந்த பெருந்துகள். புகையில் சேர்ந்தது அல்ல. குறிப்பேட்டில் அதற்குப் பெயர் ‘மாடித் தூசி’ என்றே இருக்கட்டும், பக்கத்தில் தேதி, நேரம், ஈரப்பதம், கொட்டலுக்கு முந்தைய கசிவு எண் நான்கையும் எழுதுங்கள்.