பிரிட்டன்ல படிக்க வந்துட்டீங்களா? இங்கிலீஷை இப்படிப் பழகுங்க

ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் தேர்வுல நல்ல பேண்ட் ஸ்கோர் வாங்கிட்டு வர்றவங்ககூட முதல் மாசம் சூப்பர்மார்க்கெட் பில் கவுண்டர்ல நின்னு முழிக்கிறது சகஜம்தான், அதுக்காக உங்க இங்கிலீஷ் மட்டம்னு நினைச்சுடாதீங்க. நாம படிச்சது எழுத்து இங்கிலீஷ். இங்க காதுல விழுறது பேச்சு, அதுக்குள்ள அவங்க பழக்கவழக்கமும் சேர்ந்தே வருது. அதனால கிராமர் ஒரு புக்கு, வார்த்தை ஒரு ஆப்பு, கலாச்சாரம் ஒரு வீடியோன்னு பிரிச்சுப் படிக்காம மூணையும் ஒரே வாக்கியத்துல பிடிக்கப் பாருங்க.

முதல்ல உதவி கேட்குற விதத்துல ஆரம்பிங்க. தமிழ்ல மரியாதை "ங்க"வுல இருக்கு, "குடுங்க"ன்னா வேலை முடிஞ்சுது. இங்கிலீஷ்ல அந்த "ங்க" கிடையாது, அது செய்ற வேலையை கிராமர் செய்யுது. "கிவ் மீ த ஃபார்ம்"னு சொல்லி பின்னாடி ப்ளீஸ் ஒட்டினாலும் உத்தரவு போடுற மாதிரிதான் கேட்கும், "குட் ஐ ஹேவ் த ஃபார்ம், ப்ளீஸ்?"னு கேளுங்க. கொஞ்சம் பெரிய உதவின்னா "ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஹேவ் எ லுக் அட் மை எஸ்ஸே". கேட்குறது இப்போ, ஆனா வினை இறந்தகாலத்துல இருக்கு பாருங்க. முடியாதுன்னு சொல்ல எதிர்ல இருக்கறவங்களுக்கு இடம் விட்டுக் கேட்குறீங்கன்னு அர்த்தம். பாஸ்ட் கண்டினியூயஸ்னு மனப்பாடம் பண்ணினதுக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்குன்னு புரிஞ்சதும் குட் (could), வுட் (would), மைட் (might) எங்க வந்தாலும் காது தானா நிக்கும்.

இதே விஷயம் அவங்க உங்ககிட்ட பேசும்போதும் உண்டு, இதுல ஏமாறாம இருக்கணும். "நாட் பேட்"னா நல்லாவே இருக்குன்னு அர்த்தம், "க்வைட் குட்"னா பல நேரம் பரவாயில்ல ரகம்தான். உங்க ட்யூட்டர் "யூ மைட் வாண்ட் டு லுக் அட் திஸ் பார்ட் அகெய்ன்"னு எழுதியிருந்தா அது விருப்பம் இருந்தா பாருங்கற யோசனை கிடையாது, அந்தப் பகுதியைத் திருத்தியே ஆகணும். "யூ ஆல்ரைட்?"னு கேட்டா உடம்பு விசாரிக்கல, வணக்கம் சொல்றாங்க, "யெஸ், யூ?"ன்னு சொல்லிட்டு நகருங்க. கடைல "லவ்"னு, நியூகாசில் பக்கம் "பெட்"னு கூப்பிட்டா பதறாதீங்க, நாம கண்ணு, தம்பின்னு சொல்றதுதான் அது. லெக்சரரை சார், மேடம்னு கூப்பிடவே வேணாம், பொதுவா பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, நமக்கு நாக்கு வராது, ஆனா பழகிடும்.

கிராமர்ல எல்லாத்தையும் தூக்கிக்காதீங்க. தமிழ்ல ஏ, ஆன், த இல்லாததால நமக்கு அதுதான் பெரிய தலைவலி, விதி படிக்கறதைவிட சொற்றொடராவே எடுத்துக்கறது நல்லது, "அட் யுனிவர்சிட்டி", "இன் ஹாஸ்பிடல்"னு பிரிட்டிஷ்காரங்க த இல்லாமலே சொல்வாங்க. "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" வேண்டாம், "ஐவ் காட் டூ பிரதர்ஸ்". இப்பதான் சாப்பிட்டேன்னா "ஐவ் ஜஸ்ட் ஹேட் லஞ்ச்", அமெரிக்கப் படம் பார்த்து "ஐ ஜஸ்ட் ஹேட் லஞ்ச்"னு பழகினவங்க இங்க கொஞ்சம் மாத்திக்கணும்.

வார்த்தைல புதுசு சேர்க்கறதுக்கு முன்னாடி பழசுல சிலதைக் கழிக்கணும். கிளாஸ்ல "ஐ ஹேவ் எ டவுட்"னா நீங்க அதை நம்பலைன்னு எடுத்துக்கலாம், "கேன் ஐ ஆஸ்க் எ க்வெஸ்சன்?" போதும். "ஐ பாஸ்ட் அவுட் இன் 2022"ன்னா மயக்கம் போட்டு விழுந்தீங்கன்னு அர்த்தம், கிராஜுவேட்டட்னு சொல்லுங்க. பேண்ட்ஸ்னா உள்ளாடை, நாம போடுறது ட்ரவுசர்ஸ். வடக்கு இங்கிலாந்துல ஒருத்தர் "கம் ரவுண்ட் ஃபார் டீ"ன்னா சாயங்காலச் சாப்பாடாவும் இருக்கலாம், வயித்துல இடம் வச்சிட்டுப் போங்க. இதுக்கெல்லாம் ஒரு சின்ன நோட்டு வைங்க, வார்த்தையைத் தனியா எழுதாம கேட்ட வாக்கியத்தை முழுசா, யாரு எந்த இடத்துல சொன்னாங்கன்னு சேர்த்து எழுதுங்க. புட் ஆஃப் (தள்ளிப்போடு), புட் அப் வித் (பொறுத்துக்கோ) மாதிரி ரெண்டு மூணு வார்த்தை சேர்ந்து புது அர்த்தம் தர்ற ஃப்ரேசல் வெர்ப் எல்லாம் பட்டியல் போட்டுப் படிச்சா ஒண்ணும் நிக்காது, இப்படி எழுதினாத்தான் நிக்கும்.

காதுக்கு பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் இருக்கு, 1943லேர்ந்து சொல்லிக் குடுக்கறாங்க, காசு கிடையாது. அதுல ஆறு நிமிஷ நிகழ்ச்சி ஒண்ணு எடுத்து முதல்ல எழுத்து பார்க்காம கேளுங்க, அப்புறம் எழுத்தோட, கடைசியா அவங்க கூடவே வாய் விட்டுப் பேசுங்க. அது சுலபமாயிடுச்சுன்னா 1951லேர்ந்து ஓடுற, இப்ப பிபிசி ரேடியோ ஃபோர்ல வர்ற "தி ஆர்ச்சர்ஸ்" நாடகத்துக்குப் போங்க, கிராமத்துக் குடும்பங்க சமையல்கட்டுல பேசிக்கிற பேச்சு, எந்தப் பாடப்புத்தகத்துலயும் இது கிடைக்காது. லிவர்பூல், கிளாஸ்கோன்னு போய் இறங்கினவங்க உள்ளூர் ரேடியோவையும் கேளுங்க, லண்டன் உச்சரிப்பை மட்டும் வச்சிட்டு அங்க காலம் தள்ள முடியாது. ஸ்காட்லாந்து, வேல்ஸ்காரங்களை இங்கிலீஷ்னு மட்டும் சொல்லிடாதீங்க, மனசு நோகும்.

வெளில போகணும், அதுக்கு நிறைய செலவும் வேணாம். உள்ளூர் லைப்ரரில கார்டு இலவசம், பல இடத்துல இங்கிலீஷ் பேசிப் பழகற குழுவும் நடத்துறாங்க. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரிக்கெல்லாம் பொது நுழைவுக்கு டிக்கெட் இல்ல, ஒரு பொருளுக்குக் கீழ இருக்குற குறிப்பைப் படிச்சிட்டு அதையே உங்க வாக்கியத்துல சொல்லிப் பாருங்க, அவ்வளவு சுத்தமான சின்னச் சின்ன வாக்கியம் வேற எங்கயும் சுலபமா கிடைக்காது. பப்புக்குக் கூப்பிட்டா போங்க, குடிக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆரஞ்சு ஜூஸ் போதும். பொதுவா கவுண்டர்ல போய்த்தான் ஆர்டர் சொல்லணும், ஒருத்தர் எல்லாருக்கும் வாங்கினா அடுத்த ரவுண்டு நீங்க வாங்குறதுதான் முறை.

இன்னொண்ணு, இவ்வளவு நாசூக்கா பேசுறவங்க உங்க தப்பைத் திருத்தவே மாட்டாங்க, புரிஞ்சா போதும்னு விட்டுடுவாங்க. நீங்களாத்தான் கேட்கணும். ஹவுஸ்மேட்டோ கிளாஸ்மேட்டோ ஒருத்தர்கிட்ட "வுட் யூ மைண்ட் கரெக்டிங் மீ?"ன்னு கேட்டு, இந்த வாரம் ஏ, த மட்டும், அடுத்த வாரம் காலம் மட்டும்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க. உங்க யுனிவர்சிட்டில இன்செஷனல் இங்கிலீஷ் கிளாஸ், அதாவது படிப்பு நடக்கும்போதே கூடவே நடத்துற இங்கிலீஷ் கிளாஸ், இருக்கான்னும் விசாரிங்க, பல யுனிவர்சிட்டில சேர்ந்த மாணவங்களுக்கு இலவசமாவே நடத்துறாங்க, டெர்ம் ஆரம்பிச்ச உடனே பேர் குடுத்துடுங்க, சீக்கிரம் நிறைஞ்சிடும்.